ஐப்பசியில் மாம்பழ வாசனை

உத்திரமேரூர் ஏரிக்கு மேற்கே இருக்கும் அந்தக் காலனியில் மூன்று ஜான்சன்கள் உண்டு. ஒருவன் டிராக்டர் ஜான்சன். இன்னொருவன் கோர்ட்டுக்குப் போன ஜான்சன். எந்த வழக்குக்குப் போனான் என்பது அவனுக்கே மறந்துபோய்ப் பேர் மட்டும் நின்றுவிட்டது. மூன்றாவது ஆள்தான் நாம் பேசப்போகிறவன். சிகரெட்டை வுட்ட ஜான்சன் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

அந்தப் பேரை அவன் சும்மா வாங்கிவிடவில்லை. பதினேழு வயதில் பீடியில் ஆரம்பித்து, ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்ததும் சிகரெட்டுக்கு உயர்ந்து, நாளுக்கு இருபது என்று ஊதித் தள்ளியவன். ஷீபாவைக் கட்டிய நாலாம் மாதம், ஒரே வாரத்தில் விட்டான். அவள் வாசலில் நின்று அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் அவன் கையில் மைக்கைக் கொடுத்தார். "பத்து வருசமா என்னக் கட்டி வச்சிருந்த சங்கிலிய ஆண்டவர் ஒரே வாரத்துல அறுத்துட்டாரு" என்று அவன் சாட்சி சொன்னபோது தகரக் கூரை அதிரும்படி கைதட்டினார்கள். அவனுடைய அக்கா ஏஞ்சல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

ஆண்டவர் அறுத்தாரோ இல்லையோ, சாட்சி சொன்ன நேரத்தில் ஜான்சனின் பேன்ட் பையில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கருவி இருந்தது. வேப் என்பார்கள். கம்பெனியில் கூட வேலை செய்யும் வினோத்குமார் கொடுத்தது. பட்டனை அழுத்தி இழுத்தால் புகை மாதிரி ஆவி வரும். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை. உள்ளே ஊற்றும் திரவத்தை ஜூஸ் என்று சொல்வார்கள்; நிகோடினும் வாசனையும் கலந்த கெட்டியான தண்ணீர். ஜான்சன் எடுத்தது மாம்பழம். சிகரெட்டை விடுவதற்கு ஆறு மாதம் இதைப் பிடித்துக்கொள், அப்புறம் இதையும் விட்டுவிடு என்றுதான் வினோத்குமார் சொன்னான். அந்த ஆறு மாதம் ஏழு வருடம் ஆயிற்று.

நடுவில் அரசாங்கம் அதைத் தடை செய்தது. கடையில் வாங்க முடியாது. வினோத்குமாருக்கு யாரோ, அந்த யாரோவுக்கு வேறு யாரோ என்று கை மாறி வந்தது. வைத்திருப்பதே குற்றமா, விற்றால்தான் குற்றமா என்று ஜான்சனுக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பயமாகப் பயந்துகொண்டான். போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் பைக்கை ஓரம் கட்டிச் செருப்பு வாரைச் சரி செய்வான். செருப்பில் வாரே இருக்காது.

அவன் விட நினைக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாலு தடவை விட்டான். ஷீபா உண்டாகியிருந்தபோது பதினோரு நாள் விட்டான். பன்னிரண்டாம் நாள் காலையில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கைநீட்டி நிற்கிறான், விரலிடுக்கில் சிகரெட், கடைக்காரன் தீப்பெட்டி நீட்டுகிறான். பதறிப்போய் அதைக் கீழே போட்டுவிட்டு வேப்புக்கே ஓடினான். இதை விட்டால் அது வந்துவிடும், அது வந்தால் சாட்சி போய்விடும் என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. இன்னொரு தடவை ஏரி மதகில் நின்று கருவியைத் தண்ணீரில் வீசினான். இரண்டு நாளில் புதியது வந்தது. மூன்றாம் தடவை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று காஞ்சிபுரத்தில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனான். சிகரெட் பிடிப்பீர்களா என்று அவர் கேட்டார். இல்லை சார் என்றான். பொய்யில்லையே. அவர் இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். நாலாம் தடவை நிகோடின் குறைவாக இருக்கும் ஜூஸுக்கு மாறினான்; அரை அளவு மருந்தை இரண்டு மடங்கு இழுத்தான்.

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. எரிந்து தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டும். இதற்கு அந்த முடிவே கிடையாது. ஹெல்மெட்டுக்குள் இழுக்கலாம், கக்கூஸில் இழுக்கலாம், போர்வைக்குள் இழுக்கலாம். எங்கே நிறுத்துவது என்று அந்தச் சாமான் சொல்லாது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சிகரெட்டை விட்டபோது சபையே கைதட்டியது. இதை விட்டால் கைதட்ட யார் இருக்கிறார்கள்? பிடிப்பதே யாருக்கும் தெரியாதபோது விடுவது மட்டும் யாருக்குத் தெரியும்? கைகால் நடுங்கி, எரிந்து விழுந்து, தலைவலியோடு புரண்ட அந்தப் பதினோரு நாளும் ஷீபா என்ன நினைத்தாள் தெரியுமா? கம்பெனியில் எவளோ இருக்கிறாள் என்று நினைத்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்.

இனி ஒரு புட்டியின் கதைக்கு வருவோம்.

ஷீபா செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் துணி துவைக்க எடுத்தபோது அவன் பேன்ட்டில் ஜூஸ் புட்டி கிடைத்தது. மண்டையோடு படம் போட்டிருந்தது. பைக் செயினுக்கு ஊற்றுவது என்று சொல்லித் தப்பித்தான். அன்றைக்கே, வீட்டில் ஜூஸை யாரும் கேள்வி கேட்காத ஒன்றில் ஊற்றி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தான். அலமாரித் தலையில் ஜெப எண்ணெய்ப் புட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. கன்வென்ஷன் கூட்டங்களில் பாஸ்டர்மார் ஜெபித்துக் கொடுப்பது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் புட்டி, மேலே வசனம் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். தீர்ந்தாலும் அதைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. காலனியில் எந்த வீட்டிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும், எவனும் திறந்து பார்க்க மாட்டான். கெட்டியான, லேசாக மஞ்சள் பாரித்த ஜூஸ் உள்ளே போனதும் அது அசல் எண்ணெய் மாதிரியே இருந்தது. தன் புத்தியை அவனே மெச்சிக்கொண்டான்.

அவன் மறந்தது ஒன்றே ஒன்று. ஜெப எண்ணெயைத் தொட மாட்டார்கள் என்பது எல்லா நாளைக்கும் பொருந்தாது. வீட்டில் ஒரு குழந்தைக்கு ஜுரம் வந்தால் முதலில் கை போவது அந்தப் புட்டிக்குத்தான். பாதி எண்ணெய் இருந்த புட்டி ஒன்று பைபிள் பக்கத்திலேயே இருந்தது. தேவைப்பட்டால் அதைத்தானே எடுப்பார்கள் என்று விட்டுவிட்டான். அது தீரும் என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

ஐப்பசி மாதம். நாலு நாளாக விட்டு விட்டு மழை. ஜான்சன் காலை ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் உத்திரமேரூர் வந்து, அங்கிருந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது மணி நாலு. செருப்பைக் கழற்றுகிறான், உள்ளிருந்து மாம்பழ வாசனை வருகிறது.

முதலில் தன் சட்டையைத்தான் முகர்ந்தான். பிறகு பேன்ட் பையைத் தொட்டான். கருவி மூடித்தான் இருந்தது. ஐப்பசியில் எங்கே மாம்பழம் என்று நினைத்தபடியே உள்ளே போனான்.

அவனுடைய நாலு வயது மகள் ஷாரோன் பாயில் கிடந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த தட்டு. ஏஞ்சல் குழந்தையின் தலையை மடியில் வைத்திருந்தாள். புருஷன் விட்டுப் போன பிறகு ஏஞ்சலுக்கு இந்த வீடுதான் வீடு. கழனி வேலைக்குப் போகாத நாளெல்லாம் ஷாரோன் அவள் இடுப்பில்தான் இருப்பாள்.

"மத்தியானமே ஒடம்பு சுட்டுதுடா," என்றாள் ஏஞ்சல். "ஜெபம் பண்ணி எண்ண தடவுனேன். கொஞ்ச நேரம் நல்லாத்தான் கீந்துச்சு. அப்பால வாந்தி. நாலு வாட்டி எடுத்துட்டா. வாயில எச்சி ஒழுவிக்கினே கீது பாரு."

"எந்த எண்ணெய்க்கா?"

"பைபிளாண்ட இருந்தது தீந்துபோச்சு. அலமாரி மேல ஒன்னு வச்சிருக்கியே, அத்த எடுத்தேன். இன்னா வாசனடா அது. மாம்பய வாசன. நல்ல ஊழியக்காரர் குடுத்ததாட்டம் கீது."

ஜான்சன் பாயருகே குனிந்தான். குழந்தையின் சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. நெஞ்சு முழுக்கப் பளபளவென்று இருந்தது. முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை. இமை பாதி மூடியிருந்தது. பாப்பா என்று கூப்பிட்டான். அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அது எண்ணெய் இல்லை அக்கா, துணியை நனைத்துத் துடை, சோப்புப் போட்டுக் கழுவு என்று சொல்லியிருக்க வேண்டும். குழந்தையை வாரி ஏஞ்சலிடம் கொடுத்து, "வண்டில ஏறுக்கா" என்று மட்டும் சொன்னான். எண்ணெய்ப் புட்டியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாட்சியை மறைக்கவா, டாக்டரிடம் காட்டவா என்று அப்போது கேட்டிருந்தால் அவனுக்கே பதில் தெரிந்திருக்காது.

ஏரிக்கரை ரோட்டில் ஏழு கிலோமீட்டர். மழை நீர் தேங்கிய பள்ளங்கள். பின்னால் ஏஞ்சல் ஒரு கையால் குழந்தையையும் ஒரு கையால் அவன் தோளையும் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபம் செய்துகொண்டு வந்தாள். ஜான்சனும் உள்ளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தால் டாக்டருக்கே தெரிந்துவிடும். நாம் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. வாந்தியில் எல்லாம் போயிருக்கும். கொஞ்சம்தானே தடவியிருப்பாள். அவன் ஓட்டிய வேகத்துக்கு மூன்று பேரும் ஏரியில் விழாமல் போனதே பெரிது.

டவுனில் இருந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தது டாக்டர் ஸ்ரீவித்யா. முப்பது வயதுக்குள் இருக்கும். குழந்தையைப் பார்த்ததும் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கண்ணில் டார்ச் அடித்தார், நாடி பார்த்தார், வாயில் வழியும் எச்சிலைப் பார்த்தார்.

"வீட்டுல வயல் வேலைக்குப் போறது யாரு?"

"நாந்தாம்மா," என்றாள் ஏஞ்சல்.

"பூச்சி மருந்து அடிச்சீங்களா?"

"நா அடிக்கிலம்மா. முந்தாநேத்து மருந்து அடிச்ச கயனில நேத்து களை எடுத்தேன்."

"வந்து கை கழுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினீங்களா?"

"கயுவுனேம்மா." ஏஞ்சல் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சோப்பு போட்டனா இன்னான்னு நெனப்பு வரல."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தினி தரம் சொல்றது உங்களுக்கு. மருந்துக் கையோட வந்து கொழந்தைக்கு ஊட்டுவீங்க, அப்புறம் இங்க வந்து அழுவீங்க."

ஏஞ்சல் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். குழந்தை அத்தை என்று முனகியபோதுகூடக் கிட்டே வரவில்லை.

டாக்டர் ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்லிவிட்டு மறுபடி டார்ச் அடித்தார். "பூச்சி மருந்துன்னா கண்ணுல கருமணி இன்னும் சுருங்கியிருக்கணும். எனக்கு முழுசா ஒத்து வரலை. யோசிச்சுச் சொல்லுங்க. வேற ஏதாவது உள்ள போச்சா? மாத்திரை, எறும்பு மருந்து, மண்ணெண்ணெய், எதுவா இருந்தாலும்."

ஏஞ்சல் எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது மருந்தும் இல்லை, தின்பதும் இல்லை, அது ஜெபம். டாக்டர் ஜான்சனைப் பார்த்தார்.

"இல்ல மேடம்," என்றான் ஜான்சன். "வேற ஒன்னுமில்ல."

சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து. அந்த முள் நின்ற இடம் அவனுக்குச் சாகும்வரை மறக்காது.

டாக்டர் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யப் போனார். ஜான்சன் வெளியே வந்தான். பின்பக்கம் சைக்கிள் ஷெட், அதற்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. அங்கே போய் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது என்று யோசிக்கப் போனான். போலீஸ் வருமா? வேலை போகுமா? ஷீபா என்ன சொல்வாள்? சபையில் எந்த முகத்தோடு உட்காருவது? ஏழு வருடமாகப் பயம் வந்தால் அவன் கை எங்கே போகுமோ அங்கேயே போனது.

இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. யோசனை கொஞ்சம் தெளிந்தது. இன்னும் இரண்டு இழுத்தால் உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஐந்தாவதாக இழுத்து விட்டபோதுதான் அந்த மாம்பழ வாசனை மூக்கில் ஏறியது. வீட்டுக்குள் வந்த அதே வாசனை. பாப்பாவின் நெஞ்சில் பூசியிருந்த அதே வாசனை. மகளைச் சாகடித்துக்கொண்டிருந்ததை இழுத்துத்தான் அவன் மகளுக்காகத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான், இதை மறைத்துவிட்டு அவன் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

தொட்டியடியில் குனிந்து வாந்தி எடுத்தான். வாயைக்கூடக் கழுவாமல் உள்ளே ஓடினான்.

அவன் உள்ளே நுழைந்தபோது ஷாரோனுக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. நர்ஸ் குழந்தையைப் பக்கவாட்டில் பிடித்திருந்தாள். டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஜான்சன் கருவியையும் எண்ணெய்ப் புட்டியையும் ட்ரே மேல் வைத்தான்.

"மேடம், எங்க அக்கா கைல ஒன்னுமில்ல. இதான் மேடம். இந்தப் புட்டில கீறது எண்ண இல்ல. நா இழுக்கற வேப் ஜூஸு. எண்ணன்னு நெனச்சி தடவிக்கீறாங்க."

டாக்டர் ஒரு நொடி அவனைப் பார்த்தார். திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "நிகோடின் எவ்வளவு?"

"மில்லிக்கு முப்பத்தஞ்சு மில்லிகிராம் மேடம்." மகள் எத்தனை கிலோ என்று கேட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது. இது தெரிந்திருந்தது.

"எங்கெங்க தடவினீங்க? வாய்ல போட்டீங்களா?"

ஏஞ்சல் சுவரோரத்திலிருந்து பேசினாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நெஞ்சுல, முதுவுல, உள்ளங்கால்ல. நாக்குல மூணு சொட்டு. பிதாவுக்கு ஒன்னு, குமாரனுக்கு ஒன்னு, பரிசுத்த ஆவிக்கு ஒன்னு."

"துணி எல்லாம் கழட்டு. சோப்புத் தண்ணி கொண்டா. கையுறை போட்டுக்கோ, இது தோல் வழியாவே உள்ள ஏறும்," என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். இரண்டு பேரும் குழந்தையைக் கழுவ ஆரம்பித்தார்கள். ஜான்சன் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நாற்பத்தேழு. பன்னிரண்டு நிமிடம். வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அது தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது, அதை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஷீபா கம்பெனியிலிருந்து வந்துவிட்டாள். வலிப்பு நின்றிருந்தது. மூக்கில் குழாயோடு ஷாரோன் தூங்கினாளா, மயங்கிக் கிடந்தாளா என்று தெரியாதபடி கிடந்தாள். ஜான்சன் ஆம்புலன்ஸ் கதவருகே நின்றே எல்லாவற்றையும் சொன்னான். சாட்சி சொன்ன நாளிலிருந்து ஆரம்பித்து, புட்டி வரைக்கும், பன்னிரண்டு நிமிடம் வரைக்கும். அவன் முடித்ததும் ஷீபா ஆம்புலன்ஸில் ஏறினாள். அவனும் காலைத் தூக்கி வைத்தான்.

"நீ ஏறாத," என்றாள்.

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். கதவு சாத்திக்கொண்டது. ஏஞ்சலை ஏற்றிக்கொண்டு, முன்னால் போகும் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி செங்கல்பட்டு வரைக்கும் பைக்கில் போனான். வண்டி மெதுவானால் செத்துவிட்டாளோ என்று பயந்தான். வேகமானால் சாகப்போகிறாளோ என்று பயந்தான். ஏஞ்சல் இந்தத் தடவை ஜெபம் பண்ணவில்லை. அவன் தோளையும் பிடிக்கவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஷாரோன் பிழைத்தாள். மூன்றாம் நாள் இட்லி கேட்டாள். டாக்டர்கள் நல்ல நேரத்தில் கழுவினீர்கள் என்றார்கள்; நல்ல நேரம் என்றதும் ஜான்சன் மறுபடி அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எண்ணினான். பார்க்க வந்த பாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை குழந்தை பிழைத்ததற்கு வந்து சாட்சி சொல்லுங்கள் என்றார். அவரிடமும் சொன்னான். அவர் குழந்தை தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். மைக்கைப் பற்றி அப்புறம் பேச்சு எழவில்லை. காலனியில் அவனுக்குப் புதுப் பேர் வந்தது. எண்ணெய் ஜான்சன்.

ஏஞ்சலுக்கு அவன் செய்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. அவள் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார், ஷீபா சொன்னாள், ஜான்சன் காலில் விழுந்து சொன்னான். ஆனாலும் ஷாரோனைத் தூக்கும் முன்னால் இரண்டு தடவை, மூன்று தடவை சோப்புப் போட்டாள். கழுவிக் கழுவி விரல் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. "வுடுக்கா" என்றால், "இன்னொரு தபா கய்விக்கிறேண்டா நைனா, இன்னா கெட்டுபோச்சு" என்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு ஷீபா ஒரு ஏற்பாடு செய்தாள். சண்டை போடவில்லை, சத்தியம் வாங்கவில்லை. "வேலைக்குப் போயிட்டு வந்தா வாசல்லயே நில்லு. ஊதிக் காட்டு. அப்பால பாப்பாவத் தூக்கு." அவ்வளவுதான். முதலில் அவள் முகத்தில் ஊதிக் காட்டினான். பிறகு ஷாரோனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பைக் சத்தம் கேட்டால் ஓடிவந்து வாசற்படியில் நின்றுகொண்டு, போலீஸ்காரர் மாதிரி இடுப்பில் கை வைத்து, "ஊதுப்பா" என்பாள். அவன் குனிந்து ஊதுவான். அவள் மூக்கைச் சுளித்து முகர்ந்து பார்த்து, "போலாம்" என்பாள்.

இந்தத் தடவை டாக்டர் ஸ்ரீவித்யாவிடம் நேராகப் போய் உட்கார்ந்து, இன்ன தேதியிலிருந்து இன்னது இழுக்கிறேன் என்று சொன்னான். அவர் மெல்லுவதற்கு நிகோடின் கம் எழுதிக் கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். பத்து நாள் தூக்கம் இல்லை. இருபதாம் நாள் கொஞ்சம் பசி எடுத்தது. இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எரிந்து விழுந்தால் ஷீபா பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுவாள், சந்தேகப்பட மாட்டாள். அது ஒரு பெரிய நிம்மதி. ஆனால் பயம் போகவில்லை. முன்பு மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தான். இப்போது தன் கையைப் பார்த்துப் பயந்தான். கை தானாகப் பேன்ட் பைக்குப் போகும், காலிப் பையைத் துழாவும், திரும்பும். அது யாருடைய கை என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

நாற்பத்தோராம் நாள், டிசம்பர் மாதம், கம்பெனியில் ஆட்குறைப்பு என்று பேச்சு வந்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் பெயரெல்லாம் போர்டில் ஒட்டப்போகிறார்கள் என்றார்கள். பஸ் நிற்கும் இடத்தில் வினோத்குமார் பக்கத்தில் வந்து நின்றான். தன் வேப்பை நீட்டினான். ஜான்சன் வாங்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். எல்லாம் மூச்சு விடும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கொடுத்த பிறகுதான் செய்தது தெரிந்தது.

உத்திரமேரூரில் இறங்கிக் கிராம்பும் ஏலக்காயும் வாங்கி மென்றான். வழியில் இரண்டு தடவை பைக்கை நிறுத்தி உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. வினோத்குமார் வைத்திருப்பது புதினா, மாம்பழம்கூட இல்லை. நாலு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது? ஒரே ஒரு இழுப்பு. நாளையிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாமல். இந்த வார்த்தை மனதில் வந்ததும் ஏரிக்கரையில் அவனுக்குக் குளிரெடுத்தது.

வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். ஷீபா உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஏஞ்சல் தொட்டியருகே கை கழுவிக்கொண்டிருந்தாள். ஷாரோன் படியில் வந்து நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"ஊதுப்பா."

ஜான்சன் குனிந்தான். மூச்சை இழுத்தான். வாயில் கிராம்பு வாசனை தாராளமாக இருந்தது. குழந்தை முகத்தைத் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தது. தொட்டியில் ஏஞ்சலின் கைச் சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மறுபடியும் சோப்பு.

"இன்னிக்கி ஊத மாட்டேன் பாப்பா," என்றான். பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாக, "ஷீபா, இன்னிக்கி ஒரு தபா இழுத்துட்டேன். பஸ் ஸ்டாப்புல. வினோத்து குடுத்தான்."

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஷீபா மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், வந்து நின்று ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்று தெரிந்திருக்கும். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, பாப்பாவ உள்ள தூக்கிக்கினு போ," என்றாள்.

ஏஞ்சல் வந்தாள். கை ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி சோப்புக்குப் போகவில்லை. அப்படியே குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஜான்சன் ஒதுங்கி நின்றான். அவர்கள் உள்ளே போனதும் படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். நாளைக்கும் அந்த பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும், நாளைக்கும் வினோத்குமார் வருவான் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து, ஏஞ்சல் தோள் மேலிருந்து, ஷாரோன் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நாளிக்கி ஊது."